கூஜாவில் தண்ணீர் நிரப்பியாயிற்றா?

நியூஜிலாந்தின் ஆக்லாந்து நகரத்துக் கடற்கரையில் நின்று வடகிழக்கே பார்த்தால், தண்ணீருக்கு நடுவே ஒரு மலை தெரியும். பெரிய தாம்பாளம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் சின்னக் கிண்ணம் ஒன்றையும் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே உருவந்தான். அதுதான் ரங்கிட்டோட்டோ தீவு. பிள்ளையையோ பெண்ணையோ பார்க்க ஆக்லாந்துக்குப் போகும் நம்மவர்கள் தினமும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக் கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள்கூடப் போகாமல் ஊர் திரும்பி விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நகரத்துப் படகுத் துறையிலிருந்து இருபத்தைந்து நிமிஷப் பிரயாணந்தான்.

"அது எரிமலையாமே!" என்று தயங்குகிறீர்களா? எரிமலைதான். ஆனால் அது நெருப்பைக் கக்கி சுமார் 600 வருஷங்கள் ஆகின்றன. ஆக்லாந்து வட்டாரத்தில் இப்படி ஐம்பது எரிமலைகளுக்கு மேல் இருக்கின்றன. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது; கடைக்குட்டியும் இதுதான். இனி ஒரு தடவை பூமி சீறினால், பெரும்பாலும் புதிதாக வேறோர் இடத்தில்தான் சீறும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அது ஆறுதலான செய்தியா இல்லையா என்று ஆக்லாந்து வாசிகளைத்தான் கேட்க வேண்டும்!

அங்கே உண்மையான கவலை தண்ணீரைப் பற்றியது. தீவு முழுவதும் கறுத்த எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. பெய்கிற மழையெல்லாம் பாறை இடுக்குகளில் இறங்கி மறைந்து விடுகிறது. ஓடையும் கிடையாது, குடிதண்ணீர்க் குழாயும் கிடையாது. காப்பிக் கடை, பலகாரக் கடை, ஹோட்டல் ஒன்றுமே இல்லை. ஆகவே இந்தப் பிரயாணம் படகுத் துறையில் ஆரம்பமாவதில்லை. முதல் நாள் ராத்திரியே உங்கள் சமையலறையில் ஆரம்பமாகி விடுகிறது.

புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக் கொள்ளலாம். மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் உத்தமந்தான். ஆனால் காரத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள். உச்சி வெயிலில் கறுப்புப் பாறை அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லாகி விடும். அப்போது குழந்தை தண்ணீர் கேட்டால் எங்கே போவது? ஆளுக்கு இரண்டு பாட்டிலாவது தண்ணீர் வேண்டும். தொப்பி, உச்சியில் அடிக்கிற காற்றுக்கு ஒரு கம்பளிச் சட்டை, ஒரு டார்ச் லைட் இவ்வளவும் பையில் இருக்கட்டும். டார்ச் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். புடவையை இழுத்துச் செருகிக் கொண்டால் நடப்பதற்குத் தடையில்லை. ஆனால் செருப்பு மட்டும் கூடாது. பாறை விளிம்புகள் அரிவாள்மணை மாதிரி இருக்கும். கட்டுறுதியான ஷூ போட்டுக் கொள்ளுங்கள்.

பையைக் கட்டி முடித்ததும் இன்னொரு காரியம் பாக்கி. எல்லாவற்றையும் ஒரு தடவை உதறிப் பாருங்கள். எறும்பு, பல்லி, சுண்டெலி எதுவும் ஒளிந்து கொண்டு வரக் கூடாது. ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் தேய்த்துத் துடைத்து விடுங்கள். "என்ன மடி ஆசாரம் இது!" என்று சிரிக்காதீர்கள். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டு வந்து விட்ட பாஸம் என்கிற மர விலங்கும், வல்லபி என்கிற குட்டிக் கங்காருவும் இந்தத் தீவின் மரங்களைத் தின்று மொட்டையடித்து விட்டன. 1990-களில் பெரும்பாடுபட்டு அவற்றை ஒழித்தார்கள். எலி, கீரியைப் போன்ற ஸ்டோட், பூனை, முயல் எல்லாவற்றையும் அகற்றி, 2011-ல்தான் இந்தத் தீவும் பக்கத்துத் தீவான மோட்டுட்டாபுவும் பகைப் பிராணிகள் அற்றவை என்று அறிவித்தார்கள். இத்தனை வருஷத்து உழைப்பும், சினையாய் இருக்கிற ஒரு சுண்டெலி உங்கள் பலகாரக் கூடையில் ஏறி வந்தால் வீணாகி விடலாம். கூடை கட்டுகிறவர் நீங்கள். ஆகவே தீவின் காவலும் அன்றைக்கு உங்கள் கையில்தான். பழம் தின்றால் கொட்டையைத் துப்பாமல் பையிலே போட்டுக் கொள்ளுங்கள்.

காலையில் முதல் படகையே பிடியுங்கள். இறங்கியதும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்து விடுங்கள். அதைத் தவற விட்டால் தங்க இடமில்லை; தனிப் படகு அமர்த்த வேண்டும். அதன் வாடகையைக் கேட்டால் வீட்டுக்காரர் முகம் எப்படியாகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டு விடுகிறேன்.

உச்சி சுமார் 260 மீட்டர் உயரம். ஒரு மணி நேர நடை. குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் ஒன்றரை மணி என்று வைத்துக் கொள்ளுங்கள். வழியெல்லாம் ஓர் அதிசயம் காத்திருக்கிறது. மண் என்பதே இல்லாத கரும்பாறையில் திட்டுத் திட்டாகப் பச்சைத் தோப்புகள்! பொஹுடுகாவா என்கிற மரத்தின் தூசி போன்ற விதை ஒரு விரிசலில் விழுந்து எப்படியோ வேர் பிடிக்கிறது. அதன் சருகு உதிர்ந்து மக்குகிறது. நிழலில் ஈரம் தங்குகிறது. பாசியும் பெரணியும் வந்து ஒண்டிக் கொள்கின்றன. உலகத்திலேயே மிகப் பெரிய பொஹுடுகாவாக் காடு இதுதான். டிசம்பரில் போனால் மரமெல்லாம் குங்குமத்தைக் கொட்டினாற்போல் பூத்திருக்கும். அங்கே அப்போதுதான் கோடை என்பதை மறக்க வேண்டாம்.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கிளைப் பாதை எரிமலைக் குகைகளுக்குப் போகிறது. உருகிய குழம்பின் மேற்புறம் முதலில் இறுகி, உள்ளே இருந்தது ஓடி வடிந்து விட்டதால் உண்டான குடைவுகள் அவை. டார்ச் இங்கேதான் வேண்டும். குனிந்து போங்கள், தலை பத்திரம்.

உச்சியில் எரிமலையின் வாயைச் சுற்றி நடக்கலாம். அந்தப் பள்ளத்துக்குள்ளும் மரங்கள்! கிழக்கே மோட்டுட்டாபு தெரியும். ரங்கிட்டோட்டோ பொங்கிய காலத்தில் மவோரி மக்கள் அங்கே வாழ்ந்து வந்தார்கள். எரிமலைச் சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே மனிதர்களின் காலடித் தடங்களும், கூடவே நாய்களின் தடங்களும் பதிந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். ஒருமுறை சாம்பல் பொழிந்து ஓய்ந்ததும் ஜனங்கள் மறுபடி வந்து நடமாடியிருக்கிறார்கள். அதன்மேல் மறுபடியும் சாம்பல் பொழிந்திருக்கிறது. நம் வீட்டு மாடியில் நின்று தீபாவளி மத்தாப்புப் பார்ப்பது போலவா பார்த்திருப்பார்கள்? எந்தத் தாய் எந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு நின்றாளோ!

மலை ஏற முடியாத மாமியாரைக் கரையிலேயே விட்டுப் போகலாம். அவருக்கும் பொழுது போகும். 1920-களிலும் 30-களிலும் சாதாரண நகரத்துக் குடும்பங்கள் விடுமுறைக்கென்று கட்டிக் கொண்ட சிறு குடில்கள் படகுத் துறையை ஒட்டி இருக்கின்றன. 1937-ல் புதிதாகக் கட்டுவதற்குத் தடை வந்தது. பிறகு பலவற்றை இடித்தும் விட்டார்கள். மிஞ்சியவற்றுள் ஒன்றைப் பழையபடி புதுப்பித்துக் காட்சி சாலையாக வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நாளானால் எட்டிப் பாருங்கள். எச்சில் இலை முதல் ஆரஞ்சுத் தோல் வரை எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வரத்தான் வேண்டும். தீவில் குப்பைத் தொட்டி கிடையாது. ஆகவே கிளம்பும்போதே ஒரு காலிப் பையையும் மடித்து வைத்துக் கொள்ளுங்கள். கடைசிப் படகுக்கு அரை மணி முன்னதாகவே துறைக்கு வந்து உட்கார்ந்து விட்டால், மிச்சமிருக்கும் தயிர் சாதத்தையும் நிம்மதியாக முடித்து விடலாம்.