எத்தனை வருஷக் கணக்கு?

பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விடுதியில் 7 வருஷம் இருந்தேன். பழைய மாணவிகள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்து தங்க வேண்டும், அதே பெரிய ஹாலில் பாய் விரித்துப் படுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும் கட்டில் உண்டு என்று அடியில் ஒரு குறிப்பு. போய்ப் பார்த்தால் பாதி ஹால் கட்டிலாக இருந்தது.

வாசலிலேயே ஆளுக்கொரு பனியன் சட்டை கொடுத்தார்கள், மார்பில் பள்ளிச் சின்னத்தோடு. திருப்பூர்ப் பக்கத்தில் வேறு என்ன கொடுப்பார்கள்? கொடுத்தவள் என் வகுப்பு ஸ்நேகிதி. அவள் புகுந்த வீட்டாருக்குப் பல்லடம் சாலையில் நூல் மில்லும் ஏற்றுமதிக் கம்பெனியும் இருக்கின்றன. எங்களை அவள் பாவாடை தாவணியிலேயே நினைவு வைத்திருந்தாள் போலும். எல்லாம் சின்ன அளவு. புடவைக்கு மேலே அவற்றை மாட்டிக்கொள்ள நாங்கள் பட்ட பாட்டில் முதல் ஒரு மணி நேரம் சிரிப்பிலேயே போயிற்று.

சாயங்காலம் கூட்டம். பேசிய அம்மாள் யாழ்ப்பாணத்து உடுவில் பள்ளியைப் பற்றிச் சொன்னார். அமெரிக்க மிஷனரிகள் 1824-லேயே அங்கே பெண்களுக்கு விடுதிப் பள்ளி ஆரம்பித்துவிட்டார்கள். 1840-ல் வந்து சேர்ந்த எலிசா அக்னியூ என்ற அம்மையார் ஏறத்தாழ 40 வருஷம் அதை நடத்தினார். தாய்நாட்டுக்கு ஒரு தடவைகூடத் திரும்பாமல் 1883-ல் அங்கேயே கண்ணை மூடினார். 'ஆயிரம் பெண்களின் தாய்' என்று அவரைச் சொல்வார்களாம். கேட்க மனம் நெகிழ்ந்தது. ஆனால் அவரும் பெண்களுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் எழுந்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் வார்டன் அம்மாள் படிப்பார். வருகிற கடிதம், போகிற கடிதம் இரண்டையும். இரவு பாயில் உட்கார்ந்ததும் பேச்சு அவரிடம்தான் போயிற்று. ஒருத்தி எழுந்து, கையில் டார்ச் விளக்கோடு தலைகளை எண்ணிக்கொண்டு போகும் அவர் நடையை நடித்துக் காட்டினாள். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது என் பாட்டி இறந்துபோனாள். அந்தக் கடிதம் ஒன்பது நாள் அவருடைய மேஜைக்குள் கிடந்தது, அரைப் பரீட்சை கெட்டுவிடக் கூடாது என்று. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிறகு, ஒரு டம்ளர் ஹார்லிக்ஸோடு அதைக் கொடுத்தார். அதையும் நடித்தாள். ஹார்லிக்ஸை ஆற்றுகிற மாதிரி அவள் கையை உயர்த்தியபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஞாயிறு காலையில், "எங்க மில்லு ஹாஸ்டலையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்கடி" என்று ஸ்நேகிதி காரில் ஏற்றிக்கொண்டாள்.

அந்த விடுதிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று பரவியது. ஏழை வீட்டுக் கல்யாணமாகாத பெண்கள் மூன்று வருஷம் மில் விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் 30,000, 50,000 என்று மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. தானமல்ல, அவர்கள் கூலியிலேயே பிடித்து வைத்ததுதான். நடுவில் உடம்புக்கு வந்து ஊருக்குப் போய்விட்டால் பல இடங்களில் அந்தத் தொகை கிடையாது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2011-ல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டன. சட்டை வாங்கும் ஐரோப்பியக் கடைக்காரர்களும் கேள்வி கேட்கலானார்கள்.

"அந்தப் பேரெல்லாம் இப்ப இல்லீடி. எல்லாம் மாசச் சம்பளம்" என்றாள் ஸ்நேகிதி. சொன்னதை நான் நம்புகிறேன். விடுதியும் சுத்தமாகத்தான் இருந்தது. கொடியில் வரிசையாகத் துண்டுகள், சுவரோரம் பெட்டிகள், தட்டின் அடியில் ஆணியால் கீறின பெயர்கள். உடன் வந்தவர்கள், "அட, நம்ம ஹாஸ்டலேதான்!" என்று பூரித்துப் போனார்கள். வாசற்பக்கம் ஒரு மர அலமாரி பூட்டியிருந்தது. பெண்களின் கைபேசிகளாம், ஞாயிறு மத்தியானம் ஒரு மணி நேரம் கொடுப்பார்களாம். "இல்லாட்டி ஷிப்டுல தூங்கி விழும்ங்க, மேடம்" என்றாள் அங்கிருந்த வார்டன். அதிலும் நியாயம் இருக்கலாம்.

மற்றவர்கள் சமையலறையைப் பார்க்கப் போனார்கள். இரவு ஷிப்டு முடித்துக் கூந்தலில் பஞ்சோடு ஒரு பெண் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆண்டிபட்டிப் பக்கம். ரிங் பிரேமில் நூல் அறுந்தால் ஓடிப் போய்ச் சேர்க்கிற வேலை. என் பனியன் சட்டையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களும் ஆஸ்டல்லயா இருந்தீங்கம்மா?"

"ஆமாம்."

"எத்தன வருசக் கணக்கு?"

"ஏழு வருஷம்."

"ஆத்தீ! முடிஞ்சப்ப எம்புட்டுக் குடுத்தாங்க?"

நாங்கள்தான் பணம் கட்டினோம் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது அதே இடத்துக்கு இரண்டு நாள் தங்க வந்திருக்கிறோம் என்று சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. "திரும்பவுமா? யாரு கூப்பிட்டா?" என்றாள்.

பிறகு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தம்பிய ஆசுபத்திரில சேத்துருக்காம். மத்தியானம் வரைக்கும் பொறுக்க முடியல. ஒங்க போன்ல ஒரே ஒரு நிமிசம் பேசிக்கிறட்டாம்மா?"

கைபேசி என் கைப்பையில்தான் இருந்தது. ஸ்நேகிதி வெளியே வந்துகொண்டிருந்தாள், பக்கத்தில் வார்டன். விருந்தாளியாக வந்த இடம். இந்தப் பெண்ணுக்கு நாளைக்கு ஏதும் வந்துவிடக் கூடாதே என்றும் தோன்றிற்று. அந்தக் காரணம் கொஞ்சம் பின்னால்தான் தோன்றிற்று.

"சார்ஜ் இல்லையம்மா" என்றேன்.

"சரிங்கம்மா" என்று எழுந்து போய்விட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

பள்ளிக்குத் திரும்பியதும் வேப்ப மரத்தடியில் எல்லோரும் பனியன் சட்டையோடு நின்று படம் எடுத்துக்கொண்டோம். என் கைபேசியில்தான் எடுத்தார்கள். படம் நன்றாக வந்திருக்கிறது என்று ஒவ்வொருத்தியும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.