அஞ்சறைப் பெட்டியும் மலைக்கோட்டையும்

திண்டுக்கல்லுக்குப் போகிறேன் என்று சொன்னால், "நல்ல பூட்டாக ஒன்று வாங்கி வாருங்கள்" என்று வீட்டில் சொல்வது சம்பிரதாயம். இம்முறை அந்த உத்தரவு பிறக்கவில்லை. "சின்ன வெங்காயம், புளி, மலைப்பூண்டு" என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம் என் சட்டைப் பையில் வைக்கப்பட்டது. பூட்டு வேண்டாமா என்று கேட்டேன். "வைத்துப் பூட்ட உள்ளே முதலில் ஏதாவது இருக்க வேண்டாமா?" என்று பதில் வந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அந்த மொட்டைப் பாறைதான். அதன்மீது மதுரை நாயக்கர்கள் கோட்டை எழுப்பினார்கள். ஹைதர் அலி அதில் பாசறை அமைத்தார். சிவகங்கை வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த விருப்பாட்சி கோபால நாயக்கரைக் கும்பினியார் 1801-ல் தூக்கிலிட்டது இந்தச் சீமையிலேதான். பழப்பிரியர்களோ விருப்பாட்சி என்றால் மலைவாழையைத்தான் நினைக்கிறார்கள்! உச்சியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் சிறுமலை; மறுபக்கம் தொலைவில் பழனி மலைத்தொடர். தென்மேற்குப் பருவ மழையை அம்மலைகள் தடுத்துக்கொள்வதால், இடையிலுள்ள சமவெளி ஐப்பசி, கார்த்திகை மழையையும் கிணற்றையுமே நம்பி வாழ்கிறது.

அந்தக் கிணற்று நீர்தான் சின்ன வெங்காயமாக மாறித் திண்டுக்கல் சந்தைக்கு வருகிறது. திருப்பூர், பெரம்பலூர்ப் பக்கங்களிலிருந்தும் மூட்டைகள் வந்து குவிகின்றன. சந்தையில் கால் வைத்ததுமே கண்ணில் நீர் வந்துவிட்டது. "அழாதீங்க ஐயா, விலையை இன்னும் நான் சொல்லவே இல்லையே!" என்றார் ஒரு வியாபாரி.

பல்லாரி வெங்காயம் தண்ணீரும் தித்திப்பும் மிகுந்தது. சின்ன வெங்காயத்துக்குச் சதை இறுகல், காரம் உண்டு. சாம்பாரில் முழுசாகக் கிடந்தாலும் கரையாது. குடியானவர்கள் இதைக் காற்றோட்டமுள்ள பட்டறையிலே போட்டுக் கீற்று வேய்ந்து, விலை வரும்வரை காத்திருப்பார்கள். ஆனால் காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. 2023 டிசம்பரில் இந்திய சர்க்கார் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. வடக்கே பெரிய வெங்காயத்தின் விலையை அடக்குவதற்காகப் போட்ட உத்தரவு அது. சிங்கப்பூரிலும் மலேயாவிலும் இலங்கையிலும் உள்ள தமிழர்களின் குழம்புக்குப் போகும் சின்ன வெங்காயத்தையும் அது பிடித்துக்கொண்டது. 2024 மே மாதத்தில்தான் தடை நீங்கியது. ஐந்து மாதம்! பட்டறையில் வெங்காயம் முளைவிடுவதற்கு அவ்வளவு அவகாசம் தேவையில்லை. "டெல்லியிலே சாம்பார் வைக்கிறதில்லையோ என்னவோ?" என்றார் அந்த வியாபாரி. சின்ன வெங்காயத்தைத் தனிச் சரக்காகக் கணக்கிட வேண்டும் என்று குடியானவர்கள் கேட்பது முற்றிலும் நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

புளிக்கு நத்தம் பக்கம். மாசி, பங்குனியில் மரத்தை உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, நார் நீக்குவதெல்லாம் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. கொட்டையும் வீணாவதில்லை, அதன் மாவு நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது. அரபிகள் புளியை 'இந்தியப் பேரீச்சை' என்று அழைத்தார்கள். மரத்தின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவர சாஸ்திரிகள். மிளகாயும் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்ததுதான். நமது சுதேசி ரசத்தில் நிச்சயமாகச் சுதேசியானது மிளகு ஒன்றே போலும்! பெருங்காயத்தின் கதை இன்னும் வேடிக்கை. தலைமுறை தலைமுறையாக ஆப்கானிஸ்தானத்துப் பிசினை வாங்கி மணக்க மணக்கத் தாளித்த தேசம், 2020-ல்தான் இமயமலையின் லாஹூல் பள்ளத்தாக்கில் அதன் செடியை முறைப்படி நட்டுப் பார்த்தது.

மலைப்பூண்டு கொடைக்கானல் சரக்கு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. பல் சிறிது, மணம் பெரிது. தாளோடு கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. விலை கேட்டபோது கண்ணில் மறுபடி நீர் வந்தது. இந்தத் தடவை வெங்காயத்தின் மேல் பழி போட முடியவில்லை.

வீடு திரும்பியதும் பையைக் கொட்டிப் பரிசோதனை நடந்தது. பூண்டு அடுப்பங்கரை உத்தரத்துக்குப் போயிற்று. புதுப்புளியில் கல்லுப்பைப் பிசைந்து ஜாடியில் அமுக்கி வைத்தார்கள். "அடுத்த வருஷத்துக்கு இது, இப்போதைக்குப் பழைய புளி இருக்கிறது" என்றார்கள். வெங்காயத்தை முறத்தில் பரப்பி, ஈரமானவற்றைத் தனியே பொறுக்கினார்கள். அவை அன்றைய குழம்புக்கு. உரிக்க என்னையே உட்கார வைத்தார்கள்.