எந்தச் சூடு?

"டீ சூடா இருக்கணும்" என்று சொல்லாத வாடிக்கையாளர் இல்லை. எந்தச் சூடு என்றுதான் யாரும் சொல்வதில்லை. அதை ஆள் பார்த்துப் பிடிப்பதுதான் டீ மாஸ்டரின் வேலை. மற்றதெல்லாம் பாலும் தூளும் சர்க்கரையும்தானே.

குறிஞ்சிப்பாடியில் விடியுமுன் கடைக்கு வருகிறவர்கள் நெய்வேலி ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஒரு கண் பஸ் வரும் திசையிலேயே இருக்கும். ஆவி பறக்கக் கொடுத்தால் பாதி டீயை வைத்துவிட்டு ஓட வேண்டியதுதான். அதனால் கூடுதலாக நாலு ஆற்று ஆற்றி, கையில் வாங்கியதும் குடிக்கிற பதத்தில் கொடுப்பேன். கைலி நெய்கிற வீடுகளுக்கு இது நேர்மாறு. தூக்கில் போகிற டீ தெருமுனை திரும்பி, தறிக்குப் பக்கத்தில் நாலு கிளாஸாகப் பிரிந்த பிறகுதான் வாய்க்குப் போகும். அதை ஆற்றவே மாட்டேன்; சர்க்கரையைக் கரண்டியால் கலக்கி உடனே மூடிவிடுவேன். வயசானவர்கள் சிலர் காலி கிளாஸ் ஒன்றும் சேர்த்துக் கேட்பார்கள். "ஆத்தாம குடு தம்பி, நானே ஆத்திக்கிறேன்" என்கிறவரிடம் கைவித்தை காட்டக் கூடாது.

ஆற்றுவது வேடிக்கைக்கு அல்ல. சர்க்கரை அடியில் தங்காமல் கரையும், நுரை கட்டும், ஒவ்வொரு வீச்சிலும் சூடு ஒரு படி இறங்கும். மலேசியாவில் தமிழ் முஸ்லிம் கடைகளில் பேர் வாங்கிய 'தே தாரிக்'கும் இதே கைதான். அங்கே அதற்குப் போட்டியே வைக்கிறார்கள். எனக்கு உயரத்தில் ஆசையில்லை. நீட்டி வீசினால் ரொம்ப ஆறிப்போகும்.

ஏன் சூடாகவே வேண்டும்? நம் கடைகளில் போடுவது சி.டி.சி. தூள். 1930களில் அசாமில் வந்த முறை அது: இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குவது. நிறமும் கடுப்பும் சட்டென்று இறங்கும், வாசனை கம்மி. அந்தக் கடுப்பைப் பாலும் சர்க்கரையும் சேர்ந்துதான் அடக்குகின்றன. நாக்குக்குச் சூட்டில் இனிப்பு தூக்கலாகத் தெரியும். ஆறினால் அது பின்வாங்கி, துவர்ப்பு முன்னே வந்து நிற்கும். மேலே ஆடை வேறு படியும். ஆறின டீயைத் திரும்பச் சுட வைத்துக் கொடுக்கிற கடையில் நான் குடிக்க மாட்டேன்.

மே மாத வெயிலிலும் சுடச்சுடக் கேட்கிறார்களே என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். சூடான பானம் வியர்வையைக் கூட்டி உடம்பைக் குளிர்விக்கும் என்று கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2012-ல் சொன்னது. ஆனால் வியர்வை முழுக்கக் காய்ந்தால்தான் அந்தக் கணக்கு. கடலூர்ப் பக்கத்துப் புழுக்கத்தில் அது எங்கே காய்கிறது? சட்டைதான் ஒட்டும். இருந்தும் குடிக்கிறார்கள். ஒரு மடக்குக்கும் அடுத்த மடக்குக்கும் நடுவில் அந்தச் சூடு கொடுக்கிற இடைவெளிதான் அவர்களுக்கு ஓய்வு என்று எனக்குப் படுகிறது. ஜில்லென்றால் ஒரே மூச்சில் முடிந்துவிடுமே.

இந்தப் பக்கத்து டீயின் சூடு ஒரு காலத்தில் இந்த மண்ணிலிருந்தே வந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். அப்படியே போட்டால் புகை கண்ணைப் பிடுங்கும். அதை உலர்த்தி, அழுத்தி, கரியாக்கி 'லெக்கோ' என்ற பெயரில் விற்றார்கள். பாய்லரின் நடுக்குழாயில் அதைப் போட்டால் புகையில்லாமல், சீராக, நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். கேஸ் வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருகைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பால் பொங்குகிற நேரம் பார்த்து நாலு பேர் கணக்கு கேட்பார்கள்.

65 டிகிரிக்கு மேல் சுடச்சுடக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. நான் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்வதில்லை. கண்ணாடிக் கிளாஸே போதும்: விளிம்பில் ரெண்டு விரல், அடியில் ஒரு விரல். பிடிக்க முடியாத டீயை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. இப்போது பேப்பர் கப் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அதில் சூடு விரலுக்கு அவ்வளவாக எட்டாது. முதலில் சுடுவது உதடுதான். அதனால் கப் கேட்கிறவருக்கு, அவர் வேண்டாம் என்றாலும், ரெண்டு ஆற்று அதிகம் ஆற்றித்தான் நீட்டுவேன்.