கர்ணனிடம் கேட்டு வாங்கியவை

செவ்வாய், ஜமுனாமரத்தூர்

மாலை மழையில் கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜிலேயே அக்கா மகன் கடைசித் தலைவனைச் சாய்த்துவிட்டான். "மாமா, ரெண்டே அம்பு. ஆளு காலி!" அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

நான் எழுதிவரும் கணினி ஆட்டம் செங்கம் பக்கத்து நடுகல் வீரர்களை வைத்தது. மாடு பிடிக்க வருகிறவர்கள் ஒருபுறம், மீட்கப் போகிறவர்கள் மறுபுறம். வில்லாளிக்கு அடிப்படை டேமேஜ் 40. மறைந்திருந்து எய்தால் நூறு சதவீதம் கூடும். நஞ்சு தோய்த்த அம்புக்கு 50, தேன் குடித்த தெம்புக்கு 50, இரவுக்கு 50. இரவுக்கு மதிப்பு வைத்தது வேண்டுமென்றேதான். நாங்கள் இருக்கும் இந்த மலையில், காவலூருக்குத் தொலைநோக்கிகள் வந்ததற்கு இங்குள்ள இருட்டும் ஒரு காரணம்.

பையன் நான்கையும் ஒன்றாக அடுக்கிவிட்டான். ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்கினால் 270 வருகிறது. 500 உயிர்ப்புள்ளி உள்ள தலைவனுக்கு இரண்டு அம்பே போதும். அதே நான்கையும் முதலில் கூட்டி, கடைசியில் ஒரே ஒருமுறை பெருக்கினால் 140தான். நான்கு அம்பு வேண்டும். எந்த எண்ணையும் தொடவில்லை, கணக்குப் போடும் முறை மட்டும் மாறுகிறது. 'பாத் ஆஃப் எக்சைல்' ஆடியவர்களுக்கு இது அத்துப்படி: அங்கே 'இன்க்ரீஸ்ட்' எல்லாம் தமக்குள் கூட்டிக்கொள்ளும், 'மோர்' ஒவ்வொன்றும் தனித்தனியே பெருக்கும்.

புதன்

கூட்டலுக்கு மாற்றினால் வேலை முடிந்துவிடும். ஆனால் பையனிடமிருந்து எதைப் பறிக்கிறேன்? நான்கு துண்டுகளும் எங்கே பொருந்தும் என்று தேடிக் கண்டுபிடித்தது அவன். 2011இல் வந்த 'ஸ்கைரிம்' ஆட்டத்தில் மருந்து காய்ச்சும் திறனால் மந்திரம் ஏற்றும் திறனைக் கூட்டலாம், அதைக் கொண்டு மறுபடி மருந்துத் திறனைக் கூட்டலாம். இந்தச் சுழற்சியில் கத்தியின் எண்ணை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியவர்கள், இன்றும் அதை ஆசையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

மறுபக்கமும் உண்மைதான். வில்லாளி இரண்டு அம்பில் முடித்துவிட்டால் வேல்காரியை யார் எடுப்பார்கள்? மூலிகைக்காரிக்கு என்ன வேலை? தனியாளாக ஆடும் ஆட்டத்தில் யாருக்கும் நஷ்டமில்லை, விட்டுவிடலாம் என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரே வழி மற்ற எல்லாவற்றையும் விட மிக லேசானதாக இருந்தால் மற்ற வழிகள் இருந்தும் இல்லாதவைதான்.

'டையப்லோ 4' 2023 ஜூலையில் ஒரே பேட்சில் எல்லா வகை வீரர்களின் பலத்தையும் வெட்டியது. ஆடுபவர்கள் கொதித்துப்போனார்கள். இனி இப்படியொரு பேட்ச் போடமாட்டோம் என்று அதை உருவாக்கிய நிறுவனமே சொல்லவேண்டி வந்தது. கணக்கு ஒருவேளை சரியாகவே இருந்திருக்கலாம். நேற்றுவரை கையில் இருந்தது காலையில் எழுந்து பார்த்தால் இல்லை என்பதை எந்தக் கணக்காலும் ஆற்றமுடியாது.

வெள்ளி, போளூர்ப் பக்கம்

திரௌபதி அம்மன் திருவிழா. விடிய விடியக் கூத்து, இன்று கர்ண மோட்சம். மலையிலிருந்து இறங்கி வந்தது வீண்போகவில்லை.

பாரதத்தில் கர்ணனைப்போல மிஞ்சிய பலத்தோடு யாரும் இல்லை. பிறக்கும்போதே கவச குண்டலம். அது உடம்பில் இருக்கும்வரை எவராலும் கொல்லமுடியாது. இந்திரன் வந்து அதைக் கேட்கிறான், கர்ணன் அறுத்துக் கொடுக்கிறான். பதிலுக்குக் கிடைப்பது சக்தி ஆயுதம், ஒரே ஒருமுறை ஏவலாம். அர்ச்சுனனுக்கென்று வைத்திருந்த அதைக் கடோத்கசன்மீது செலவழிக்க வைக்கிறார்கள். குந்தி வந்து நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை தொடாதே என்கிறாள், சரி என்கிறான். கடைசியில் தருமமே அவன் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்க, கண்ணன் கிழப் பார்ப்பனராக வந்து அந்தப் புண்ணியத்தையும் யாசிக்கிறான். அதையும் குருதியால் தாரை வார்க்கிறான்.

என் தொழிலில் இருப்பவனுக்கு இதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. எவராலும் கொல்லமுடியாத உடம்பு, ஒரே முறை ஏவும் ஆயுதம், மறுமுறை தொடக்கூடாத அம்பு: நாங்கள் இன்று கொடுக்கும் பலங்களும் போடும் கட்டுப்பாடுகளும் எல்லாம் அங்கே இருக்கின்றன. சாபங்களும் உண்டு, பரசுராமர் சபித்ததால் மந்திரம் மறக்கிறது, இன்னொரு சாபத்தால் தேர்ச்சக்கரம் புதைகிறது. ஆனால் கூட்டம் அழுதது சாபங்களுக்காக அல்ல. கேட்டார்கள், கொடுத்தான், அதற்குத்தான். ஒவ்வொன்றாகக் கொடுக்கக் கொடுக்க அவன் பலம் குறைகிறது, ஆள் பெரியவனாகிறான். பக்கத்திலிருந்த பாட்டி, "குடுக்காதடா சாமி, குடுக்காத" என்று மேடையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பறித்திருந்தால் அது தோல்வி. கேட்டு வாங்கியதால் கதையாயிற்று.

ஞாயிறு, ஜமுனாமரத்தூர்

இரண்டு இடத்தில் கை வைத்தேன். கவசம் இதுவரை அடியிலிருந்து நேராகக் கழிந்துகொண்டிருந்தது. 10 புள்ளிக் குறுவாள் 25 கவசத்தில் பட்டால் ஒன்றுமே இல்லை, பெரிய அடிக்குத்தான் பிழைப்பு. அதை விகிதமாக்கினேன். கவசம் 100 என்றால் அடி பாதியாகும், 300 என்றால் கால். 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' கையாளும் சூத்திரம் இதுதான். சின்ன அடிகளுக்கும் உயிர் வந்துவிட்டது.

அடுத்தது நாய். எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாய் கோவிவனும் அதில் நிற்கிறது. திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய் என்று கல்வெட்டு சொல்கிறது. என் ஆட்டத்தில் நாய் எத்தனை பேரையும் விரட்டிக்கொண்டிருந்தது. இனி ஒரு சண்டைக்கு இருவர்; பிறகு எசமானன் அருகே காவல். இந்த வரம்பைக் கல்லே கொடுத்துவிட்டது.

வில்லாளியின் பெருக்கலைத் தொடவில்லை. கடைசிச் சண்டைக்கு முன் ஒரு கிழவி வருவாள். மகனை இழந்தவள், அந்த நஞ்சைக் கேட்பாள். கொடுத்தால் 270 என்பது 180 ஆகும், மூன்று அம்பு வேண்டும். ஆனால் சிதறிய மந்தையை அவள் திருப்பிக் கொண்டுவருவாள், ஊரும் துணைக்கு வரும்.

"குடுக்கலைன்னா, மாமா?"

"உங்கிட்டயே இருக்கும். ரெண்டு அம்புல முடிச்சிக்கலாம். மாடு மட்டும் வராது."

அவன் வெகுநேரம் யோசித்தான். அவளுக்கு இன்னும் நான் வசனம் எழுதவில்லை. அவள் கேட்கும் விதம் சரியாக அமையாவிட்டால் இதுவும் இன்னொரு வெட்டாகத்தான் போகும். நாளை முழுக்க அந்த நாலு வரிதான் வேலை.