சனிக்கிழமை பேசி முடித்தவை

திங்கட்கிழமை காலை மீட்டிங்குக்குப் போய் உட்காரும்போதே பாதி விஷயம் பேசி முடிந்திருக்கும். அடுத்த மாடலில் எந்தப் பாகம் யாருக்கு, எந்த வெண்டருக்கு இன்னொரு மோல்டு கொடுக்கலாம், யாருடைய விலையைக் குறைக்கச் சொல்லலாம் என்பதெல்லாம். நான் கோட்டேஷனை விரித்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன். எதிரில் இருப்பவர்கள் கடைசிப் பக்கத்துக்குப் போயிருப்பார்கள். "அதான் சாட்டர்டே பேசினோமே" என்று யாரோ யாரிடமோ சொல்வார்கள். அந்தப் பேச்சு எங்கே நடக்கிறது என்று எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆயிற்று.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் மார்க்கெட்டிங்கில் சேர்ந்த காலம் அது. கார் கதவின் ஓரத்தில் ஓடும் சீல், வயர் நுழையும் துளையில் மாட்டும் கிராமெட், சஸ்பென்ஷன் புஷ், இப்படிச் சின்னச் சின்ன கறுப்புச் சாமான்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-இல் அடிக்கல் நாட்டி, 1998-இல் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது. அதன் பின்னாலேயே கொரியாவிலிருந்து பாகம் செய்கிறவர்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் கொரிய உணவகங்கள் வந்தன, கடைகள் வந்தன. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த மேலாளர்கள் நிறையப் பேர். வாரமெல்லாம் லைனோடு மல்லுக்கட்டுகிற அவர்களுக்கு, சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் கோல்ஃப் மைதானத்துப் புல்லில் நிற்கும் அந்த நான்கைந்து மணி நேரம்தான் வாரத்தில் சொந்த நேரம். அந்தப் பேச்சு நடந்ததும் அங்கேதான்.

எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போனவர்கள் எல்லாரும் ஆண்கள். யாரும் என்னை வரக்கூடாது என்று சொல்லவில்லை. கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். வேலை இடத்தில் பெண்களுக்கு அடைபடும் கதவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான், பூட்டே இல்லாமல் சாத்தியே இருக்கும். பூட்டு போட்டு வைத்திருந்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப் முதல்முறையாகப் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 2012-இல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பெண்களைச் சேர்க்க ஓட்டுப் போட்டது 2014-இல். அதற்குள் எத்தனை சனிக்கிழமைகள் போயிருக்கும்!

சென்னை நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அண்ணா சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த நெரிசலுக்குள் அப்படியொரு பச்சை இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. நானும் ஆடக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தபோது, தெரிந்தவர் ஒருவர் அங்கே விருந்தினராகக் கூட்டிப்போனார். கிளம்பும்போது அம்மா கேட்டாள், "வேலைக்குத்தானே போறே, விளையாடவா போறே?" அதற்கு நேரான பதில் அன்றைக்கு என்னிடம் இல்லை. காலர் வைத்த டி-ஷர்ட் வேண்டும், ஜீன்ஸ் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். உடைக்கு விதி போடும் கிளப்களைப் பற்றி இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2014-இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சேப்பாக்கத்தில் ஒரு கிளப்புக்குள் விடவில்லை. அந்த ஆண்டே சட்டமன்றம் அதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது பயிற்சியாளரைவிட அதிகம், ஆடுகிறவர்களின் பையைத் தூக்கி வரும் ஒரு கேடி அண்ணாதான். ஒரு கூடைப் பந்தைக் கொட்டி, பையில் இருந்த க்ளப் மட்டைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு செவன் அயர்னை மட்டும் கையில் கொடுத்தார். விதிப்படி பதினான்கு க்ளப் வரை வைத்துக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு செவன் அயர்ன், ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் போதும் என்பது அவர் கட்சி. இன்றைக்கு என் கட்சியும் அதுவே. "ஈரத்துணிய புழியிற மாதிரி புடிக்காதீங்க மேடம், நழுவாத அளவுக்குப் புடிச்சா போதும்" என்றார். இடது கையின் கட்டைவிரல் வலது உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். வலது சுண்டுவிரல் இடது கை விரல்கள்மேல் ஏறி உட்கார வேண்டும். "கையால அடிக்காதீங்க, இடுப்பு திரும்பட்டும், கை பின்னாடியே வரும். தலைய மட்டும் தூக்காதீங்க." பந்து போகும் திசையைப் பார்க்கும் ஆசையில்தான் தலை எழும்புகிறது. தலை எழும்பினால் தோளும் எழும்பும், க்ளப் பந்தின் உச்சந்தலையைச் சீவிவிட்டுப் போகும். சரியாகப் பட்டால் கையில் ஒன்றுமே தெரியாது. ஒரு சத்தம் மட்டும் கேட்கும், பந்து எழும்பிப் போய்க்கொண்டிருக்கும்.

பந்து என்றதும் என் தொழில் ஞாபகம் வந்துவிடுகிறது. வெட்டுப்பட்ட பழைய பந்து ஒன்றை அண்ணாவிடம் கேட்டு வாங்கி, மறுநாள் எங்கள் டூல் ரூமில் கொடுத்து பேண்ட் சாவில் இரண்டாக அறுக்கச் சொன்னேன். வெளியே மெல்லிய ஓடு. உள்ளே ஒரே உருண்டையாக, பளிச்சென்ற நிறத்தில் ரப்பர். பாலிபியூட்டடீன். டயரில் போடுவதே இதிலும் இருக்கிறது. இங்கே துத்தநாக அக்ரிலேட்டும் பெராக்சைடும் சேர்த்து இறுக்கமாக க்யூர் செய்திருப்பார்கள். லேபில் டியூரோமீட்டரை வைத்து அழுத்தி, நடுவிலும் ஓரத்திலும் கடினம் எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொண்டேன். லேப் பையன்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

இந்தப் பந்துக்கு நம் பக்கத்துக் கடல் தாண்டிய வரலாறு உண்டு. ஆதியில் தோலுறைக்குள் வாத்து இறகைத் திணித்துத் தைத்தார்கள். நனைந்தால் போச்சு, விலையும் அதிகம். 1848 வாக்கில் மலாய்க் காடுகளின் கட்டாபெர்ச்சா மரத்துப் பாலில் உருட்டிய பந்து வந்தது. புதுப் பந்து சரியாகப் பறக்காது. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துதான் நன்றாகப் போகிறது என்று ஆடியவர்கள் கண்டுகொண்டார்கள். இன்றைய பந்தின் மேல் முந்நூறுக்கும் மேற்பட்ட குழிகள் இருப்பது அதன் தொடர்ச்சி. குழிகள் காற்றைப் பந்தோடு ஒட்டி ஓடவைத்துப் பின்னிழுப்பைக் குறைக்கின்றன. வழவழப்பான பந்து ஏறக்குறைய பாதி தூரத்தில் விழுந்துவிடும்.

அறுத்த அந்தப் பாதிப் பந்தை ஒரு நாள் வெண்டர் மீட்டில் கொரிய மேலாளர் முன் வைத்தேன். அவர் வாங்கும் துறையின் தலைவர்; அதற்குமுன் என்னிடம் விலையையும் தேதியையும் தவிர வேறு பேசியதில்லை. பந்தைக் கையில் எடுத்தார், நகத்தால் அழுத்தினார், "க்யூரிங் எத்தனை நிமிஷம் இருக்கும்?" என்று கேட்டார். அவரும் ஒரு காலத்தில் ரப்பர் ஷாப்பில் நின்றவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.

சரியாக ஆடத் தெரிந்த பிறகு போகலாம் என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. வேலைக்காகக் கற்கிற பலரும் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். கூட ஆடுகிறவர்களுக்கு நாம் எவ்வளவு தூரம் அடிக்கிறோம் என்பது ஒரு பொருட்டே இல்லை. தாமதம் செய்யாமல் இருந்தால் போதும். நம் முறை வரும்போது க்ளப்போடு தயாராக நிற்க வேண்டும். ஒருவர் அடிக்க நிற்கையில் பேச்சும் கூடாது, அசைவும் கூடாது. கிரீனில் அவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே கால் வைக்கக் கூடாது, நம் நிழலும் விழக் கூடாது. மணலில் இறங்கினால் கால்தடத்தை வாரிவிட்டு வர வேண்டும். தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிஷம் இருந்தது. 2019 முதல் மூன்றுதான். இவ்வளவையும் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். நல்ல ஸ்விங் வர வருஷங்கள் ஆகும், அது வரும்போது வரட்டும்.

அங்கே யாரும் பேரம் பேசுவதே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். நான்கு பேர், பதினெட்டு ஹோல். க்ளப்பைச் சுழற்றும் நேரத்தையெல்லாம் கூட்டினாலும் சில நிமிஷம்தான் தேறும், மற்றதெல்லாம் நடை. குழந்தைகளின் படிப்பு, ஊரில் தனியாக இருக்கும் அப்பாவின் முழங்கால், சென்னைத் தண்ணீர் என்று பேச்சு போகும். நடுவில் ஒரே ஒரு வாக்கியம் விழும். "அந்த மாடல் கொஞ்சம் தள்ளிப்போகலாம்" என்பார் மேலாளர். அவ்வளவுதான், பந்தைப் பார்க்கப் போய்விடுவார். அந்த வாக்கியம் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தால் மோல்டுக்குப் பணம் போடுவதை நிறுத்திவைக்கலாம். சிறு கம்பெனிக்கு அது ஒரு காலாண்டின் மூச்சு. இத்தனை காலம் அந்த வாக்கியம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு நடையில் 1998 பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு அது சான்ட்ரோ வந்த வருஷம். மேலாளருக்கு அது கொரியாவின் பணநெருக்கடி வருஷம். நாட்டின் கடனை அடைக்க ஜனங்கள் வீட்டுத் தங்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த காலம். அந்த ஜூலையில் அமெரிக்க மகளிர் ஓப்பனில் பாக் சே-ரி என்ற இருபது வயதுப் பெண், பந்து நீரோரம் போய் விழ, ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி அடித்தாள்; பட்டத்தையும் வென்றாள். சாக்ஸ் மறைத்த பாதம் மட்டும் வெளுத்தும் கால் கறுத்தும் இருந்ததை, எத்தனை வெயிலில் அந்தப் பெண் நின்றிருக்க வேண்டும் என்பதை, நடந்துகொண்டே காலைக் காட்டிச் சொன்னார். அதைப் பார்த்து வளர்ந்த சிறுமிகள்தான் பின்னால் உலக மகளிர் கோல்ஃபையே ஆண்டார்கள். சொல்லி முடித்துவிட்டு, "உன் மகள் ஆடுகிறாளா?" என்று கேட்டார்.

எண்ணிக்கை விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் தவறு பி.பி.எம்-மில் எண்ணப்படும், பத்து லட்சத்துக்கு எத்தனை ரிஜெக்‌ஷன் என்று. எண்ணுவது வாங்குகிறவரின் இன்ஸ்பெக்டர். கோல்ஃபில் இன்ஸ்பெக்டர் கிடையாது. ஒவ்வொரு ஹோல் முடிந்ததும் "எத்தனை?" என்று கேட்பார்கள், அவரவர் எண்ணை அவரவர் சொல்ல வேண்டும். 1925 அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ், யாரும் பார்க்காதபோது பந்து அசைந்துவிட்டது என்று தானே சொல்லித் தனக்கு ஒரு அடி கூட்டிக்கொண்டார். ஆட்டம் சமநிலையில் முடிந்து, பிளே-ஆஃபில் தோற்றார். ஒருமுறை எங்களோடு வந்த வெண்டர் ஒருவர் மரவேரில் சிக்கிய பந்தைக் காலால் நகர்த்தினார். மேலாளர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஹோல் முடிந்ததும் என் பக்கம் திரும்பி "எத்தனை?" என்றார். உள்ளதைச் சொன்னேன். கொரியர்கள் நட்பாக ஆடும்போது பாரின், அதாவது ஒரு ஹோலுக்கு வகுத்த அடிகளின், இரட்டிப்புக்கு மேல் எழுதுவதில்லை. பார் நான்கு என்றால் எட்டோடு முடிந்தது. எட்டு என்று எழுதிக்கொண்டார். புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிட மரியாதையான விதியை நான் பார்த்ததில்லை. அந்த வெண்டருக்கு இதனால் ஏதாவது நஷ்டம் ஆயிற்றா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுவாரம் எங்கள் லாட் ஒன்றில் சந்தேகம் வந்தபோது, லாரி கிளம்புமுன் போன் போட்டு மேலாளரிடம் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. "எத்தனை?" என்றுதான் கேட்டார்.

கேடி அண்ணாவிடம் திரும்ப வருகிறேன். நாங்கள் பேசிக்கொண்டு நடந்த அத்தனை தூரமும் அவரும் பையோடு நடந்தார். எங்களில் யாரைவிடவும் அவருக்கு ஆட்டம் தெரியும். கேடிகளும் மைதான வேலைக்காரர்களின் பிள்ளைகளும் மைதானத்தின் நடுவுக்கு வந்ததும் உண்டு. பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பனை வென்றார். கல்கத்தாவில் புல் பராமரிப்பவரின் மகன் சௌராசியா 2016-இலும் 2017-இலும் வென்றார். பெரும்பாலான கேடிகளுக்கோ மைதானம்தான் பிழைப்பு. கிண்டியில் குதிரை ஓடுபாதைக்கு உள்ளே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. 2024 செப்டம்பரில் அரசு ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எடுத்துக்கொண்டது. வேளச்சேரியில் இடுப்பளவு வெள்ளம் பார்த்தவர்களுக்கு அங்கே குளமும் பூங்காவும் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. நானும் அந்தப் பக்கம்தான். உறுப்பினர்களுக்கு வேறு மைதானம் கிடைக்கும். தினக்கூலிக்குப் பை தூக்கியவர்களின் காலைப்பொழுது என்ன ஆகும் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

2021 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, டோக்கியோ ஒலிம்பிக் கோல்ஃபில் அதிதி அசோக் ஒரே ஒரு அடியில் வெண்கலத்தை விட்டு நான்காவதாக முடித்தார். பையைத் தூக்கிக் கூடவே நடந்தவர் அவருடைய அம்மா. அன்றைக்கு எங்கள் க்வாலிட்டி பெண்கள், டிப்ளமோ முடித்து அரக்கோணத்திலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வருகிறவர்கள், கேன்டீனில் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். "பாருன்னா என்ன மேடம்? கம்மியா அடிச்சாதான் ஜெயிப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது மார்க்கெட்டிங்கில் என்னோடு இருக்கிறார்கள். பயிற்சி ரேஞ்சுக்கு அழைத்துப்போகிறேன். ஒருத்திக்கு முதல் நாளே தலை நின்றது. கபடி ஆடிய உடம்பு.

அவர்கள் பயிற்சிக்கான பணத்தைக் கம்பெனி கட்ட வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். ஆண்கள் போனபோது அந்தச் செலவு 'பிசினஸ் டெவலப்மென்ட்' என்ற தலைப்பில் கேள்வி இல்லாமல் பாஸ் ஆனது. இந்த முறை ஃபைனான்ஸிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. தள்ளிப்போன அந்த மாடலின் பெயர், நாங்கள் நிறுத்திவைத்த மோல்டின் விலை, பயிற்சிக்கு ஆகும் செலவு மூன்றையும் ஒரே பக்கத்தில் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். நாளைக் காலை முதல் வேலையாக நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.