கொயினாக் கசப்பு

ஜின் 60 மில்லி, டானிக் வாட்டர் 150. ஐஸ் தாராளமாகப் போட வேண்டும்; குறைத்தால்தான் சீக்கிரம் உருகித் தண்ணீராகிவிடும். டானிக்கை விளிம்போரமாக ஊற்றி, எலுமிச்சைத் துண்டைப் பிழிந்து உள்ளேயே போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். வேப்பூரில் நான் இதைக் குடிப்பது விருத்தாசலத்துப் பீங்கான் குவளையில். கண்ணாடி டம்ளர் காட்டிக்கொடுத்துவிடும்.

டானிக்கின் கசப்பு கொயினாவுடையது. மலேரியாவுக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் 1860களில் நீலகிரியில் சின்கோனா பயிரிட்டார்கள். நடுவட்டத்துத் தோட்டங்களில் சீனக் கைதிகள் உழைத்தார்கள். கசப்பு தொண்டையில் இறங்குவதற்குச் சர்க்கரையும் சோடாவும் ஜின்னும் துணைக்கு வந்தன. இன்றைய டானிக்கில் கொயினா மிகக் குறைவு. மருந்தென்று சொல்லித் தப்பிக்க முடியாது. மருந்தென்றால் நம் வீடுகளில் ஆட்சேபம் இல்லை. பிரசவித்தவளுக்கு ரெண்டு மூடி பிராந்தி ஊற்றிக் கொடுத்த கிழவிகள் எத்தனை பேர்! ஒருத்தி தனக்குப் பிடித்துக் குடிப்பதுதான் குற்றம்.

அதியமான் இறந்தபோது அவ்வை பாடிய புறநானூற்றுப் பாட்டை (235) வகுப்பில் நடத்துவேன். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவானே, நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பானே என்பதில்தான் அவள் துக்கமே தொடங்குகிறது. "அவ்வை குடிப்பாங்களா மேம்?" என்று பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அவர்கள் அறிந்தவள் கோலூன்றிய சினிமாக் கிழவி.

இதையெல்லாம் சாராயத்தால் தாலியையும் கூலியையும் இழந்த பெண்களிடம் சொல்ல முடியுமா? 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலைக் கடைகள் ஊருக்குள் நகர்ந்தபோது, சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் தெருப் பெண்கள் கடையை மூடச் சொல்லி மனு எழுதியபோது நானும் கையெழுத்துப் போட்டேன். இன்றும் போடுவேன். குடித்துவிட்டு அடிப்பவனுக்கும் என் குவளைக்கும் ஒரே நியாயம் பேசுகிறவர்கள், அவன் கையை மறந்துவிட்டுப் பாட்டிலை மட்டும் பார்க்கிறார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் பீங்கான் பலிக்கவில்லை. கழுவுமுன் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது எங்கூட்டு வாசன இல்லியே டீச்சர்" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குடிச்சிட்டு என்னா செய்வீங்க?" என்று கேட்டார்.

"படிப்பேன். தூக்கம் வந்தா தூங்கிருவேன்."

"அவ்ளோதானா?"

வெறும் டானிக்கில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "இதுக்கு வேப்பங்கொழுந்தே தேவல டீச்சர்."