கவசத்துக்கு விலை என்ன?

விஞ்ஞானக் கதை படிக்கும் நண்பர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கதாநாயகன் கவசத்தை மாட்டிக்கொள்வான். அது என்ன விலை என்று எவரும் கேட்பதில்லை. கர்ணனுக்குக் கவசம் உடலோடு பிறந்தது, செலவில்லை. 1959-இல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய நாவலில் படைவீரர்கள் இயந்திரக் கவசம் பூண்டு கோள்விட்டுக் கோள் பாய்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கோ விலைதான் முதற்கேள்வி.

நான் பிறந்த ஊர் கொல்லயில். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைச் சிற்றூர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். என் அத்தான் ஒருவர் மத்திய போலீஸ் படையில் இருக்கிறார். சென்ற விடுமுறையில் மாமி கேட்டாள்: "மக்களே, நீ படிக்கிற படிப்பில அவனுக்கு எடை கொறஞ்ச சட்டை ஒண்ணு செய்யப்பிடாதா?" மேற்படிப்பு மாணவனுக்கு இதைவிடக் கடினமான தேர்வு உண்டோ!

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஏ.கே. 47 துப்பாக்கியின் குண்டு 8 கிராம். வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 715 மீட்டர். அதன் ஆற்றல் சுமார் 2,000 ஜூல். அத்தனையையும் விரல்கடை அகலத்தில் தடுத்து நிறுத்தவேண்டும். ஆகவே முன்னால் கடினமான பீங்கான் தகடு. அது குண்டின் முனையை நொறுக்கும். பின்னால் வலிய இழை அடுக்கு. அது சிதறலைப் பிடித்துக்கொள்ளும். 1965-இல் ஸ்டெபனி குவோலெக் என்ற அம்மையார் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் கண்ட கெவ்லர் அத்தகைய இழை.

பீங்கானில்தான் சிக்கல். அலுமினா மலிவு, ஆனால் அடர்த்தி 3.9. போரான் கார்பைடின் அடர்த்தி 2.5 மட்டுமே, ஆனால் 2,000 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அழுத்தினால்தான் அது இறுகும். எடையைக் குறைத்தால் விலை ஏறுகிறது. விலையைக் குறைத்தால் தோள் வலிக்கிறது. 2018 ஏப்ரலில் நமது பாதுகாப்பு அமைச்சகம் 1,86,138 கவச உடுப்புகளுக்கு 639 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்குச் சுமார் 34,000 ரூபாய்.

இனி நம் கற்பனைக்கு வருவோம். கிராபீன் வந்தால் எல்லாம் தீரும் என்று கதைகள் சொல்கின்றன. பழுதற்ற பெரிய தாள்களாக அதைச் செய்வது இன்றும் அரிது. எனவே, என் கதையில் வரும் ஏழைக் குடியேற்றக் கோளில் கவசம் வேறு வகையானது. ஒரே தகடு இல்லை. தேன்கூடு போன்ற சிறு சிறு ஓடுகள். குண்டு பட்டால் விரிசல் ஓர் ஓட்டோடு பெரும்பாலும் நின்றுவிடும். உடைந்ததை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூட்டுவாய் பலவீனமானது என்பது உண்மை. அதற்காகப் பின்னுள்ள இழை அடுக்கைத் தடிப்பாக்கவேண்டும். மார்புக்கு உயர்ந்த ஓடு, விலாவுக்கு மலிந்த ஓடு என்று பிரித்தால் செலவு இன்னும் குறையும்.

இழையை நெய்ய ஆள் வேண்டுமே! எங்களூருக்கு வடக்கே பாலராமபுரத்தில், பலராம வர்மா அரசாண்ட 1798–1810 காலத்தில் குடியேற்றப்பட்ட தமிழ் நெசவாளரின் மரபு உண்டு. என் கதையில் அவர்களின் பேரப்பிள்ளைகளே வேற்றுக்கோளில் தறி போடுகிறார்கள்.

கதை எழுதும் நண்பர்களே! அடுத்த முறை உங்கள் வீரனுக்குக் கவசம் பூட்டும்போது எடை எத்தனை கிலோ, விலை எத்தனை ரூபாய் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். மீதிக் கணக்கை ஆய்வுக்கூடத்தில் நாங்கள் போட்டுப் பார்க்கிறோம்.